அப்பாவின் கை

தேர்வு நாளன்று, வகுப்பு நடக்கும் என்னிஸ் நகரத்துக்கு வண்டி ஓட்டிப் போகும்போதே எனக்கு ஒரே பதற்றம். கூடவே ஒரு குஷியும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறவள் நான். சில வருடங்களாக எதிர்முனையில் யார் கதறினாலும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. முகவரி என்ன, மூச்சு இருக்கிறதா, அடுத்த அழைப்பு. மரக்கட்டையாகிவிட்டேனோ என்ற பயத்தில்தான் இந்த மனநல ஆலோசனைப் பயிற்சியில் சேர்ந்தேன். மனசை மட்டும் கேட்காமல் உடம்பு, தூக்கம், சாப்பாடு என்று ஆளையே முழுசாகக் கேட்கச் சொல்லித்தரும் படிப்பு. சனிக்கிழமை வகுப்பு எனக்குத் திருவிழா. இன்று தேறிவிட்டால் ஆம்புலன்ஸ் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொந்தமாகப் பலகை மாட்டிவிடலாம்.

தேர்வில் ஒருவர் தன் நிஜமான பாரத்தைச் சொல்ல வேண்டும், நடிக்கக் கூடாது. இன்னொருவர் கேட்க வேண்டும். எங்கள் ஆசிரியை கொன்செப்டா மூலையில் உட்கார்ந்து கவனிப்பார். எனக்கு எதிரே வாய்த்தவன் ஃபர்கல். மாட்டுத் தீவனம் விற்கிறவன், வகுப்பின் வாயாடி.

"என்ன டெர்வ்லா, இன்னைக்கு என்னை அழ வச்சிடுவியா? வெங்காயம் கொண்டு வந்திருக்கியா?"

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்குத்தான் அழுகை வருது. பேசு."

பிப்ரவரியில் அப்பா தவறிவிட்டார் என்றான். உடனே மழைக்குத் தாவினான், மழையிலிருந்து மாட்டுச் சந்தைக்கு. பேசிக்கொண்டே வலது கையைப் பிசைந்தபடி இருந்தான்.

"கையில என்ன?"

"அது கொஞ்ச நாளா வலி. தோள் வரைக்கும் ஏறுது."

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா?

"நெஞ்சு அடைக்குதா? வேர்க்குதா? அசையாதே! கொன்செப்டா, ஆஸ்பிரின் இருக்கா? கதவைத் திறந்து வைங்க!" பாய்ந்துபோய் அவன் நாடியைப் பிடித்துவிட்டேன்.

"ஏய், விடு! சாகப்போறது நான் இல்ல தாயே. செத்தது எங்கப்பா!"

சொன்னவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவன் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. தேர்வு கோவிந்தா என்று தெரிந்துவிட்டது எனக்கு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபின் தேர்வாவது ஒன்றாவது. போய் உட்கார்ந்தேன். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அப்பா சாவுக்கு ஊரே வரிசையில வந்துச்சு" என்றான். "ஆளாளுக்குக் கையைப் பிடிச்சு, 'உன் துக்கத்துக்கு வருந்தறேன்'னு குலுக்கினாங்க. 'வந்ததுக்கு நன்றி, வந்ததுக்கு நன்றி'ன்னு நானும் சொல்லிட்டே நின்னேன். அப்பா எனக்குப் பின்னால பெட்டியில கிடக்கறார். ஊர்ல இருக்கிற அத்தனை கையையும் பிடிச்சேன் டெர்வ்லா. அவர் கையைத் தொடவே இல்ல. அதுக்குள்ள மூடிட்டாங்க."

மேசைமேல் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதான். எனக்கும் கண் பொங்கிக்கொண்டு வந்தது. அவன் துக்கம் சுட்டதுதான்; ஆனால் உள்ளே நான் குதித்தேன். எனக்கு வலிக்கிறது! கட்டைக்கு உயிர் இருக்கிறது!

அவன் ஓய்ந்ததும், "அப்பாவோட கை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

காய்ப்பு, வெட்டுப்பட்ட கட்டைவிரல், கன்றுக்குட்டிக்கு விரலைச் சப்பக் கொடுத்துப் பால் குடிக்கப் பழக்கும் விதம் என்று அழுதும் சிரித்தும் சொல்லிக்கொண்டே போனான். வலது கை மடியில் அமைதியாகக் கிடந்ததை நான்தான் பார்த்தேன்.

"முதல் பாதிக்கு முட்டை மார்க்" என்றார் கொன்செப்டா. "ரெண்டாம் பாதியை என்னால சொல்லித்தர முடியாது. தேறிட்டே. சரி, அந்த வேலையை எப்ப விடறே?"

பதில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "விடல. எப்படா திங்கட்கிழமை வரும்னு இருக்கு."

திங்கட்கிழமை முதல் அழைப்பு ஒரு முதியவருடையது. காலையில் எழுப்பப் போனாராம். மனைவியின் உடம்பு குளிர்ந்து விறைத்திருந்ததாம். நான் சொல்லிச் செய்ய வைக்க எதுவும் மிச்சமில்லை. வண்டி வர நேரமாகும். முன்பென்றால், "வருது, காத்திருங்க" என்று போனை வைத்திருப்பேன்.

"நான் என்னம்மா செய்யட்டும்?" என்றார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாங்க ஐயா. அவங்க பேரைச் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போகல."