நீலம் போய்ச் சேர்ந்த இடங்கள்

ஆரோக்கியராஜ் கட்டிய வருமான வரி எங்கெங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கெல்லாம் நீலம் பிடித்தது. கடலூர் சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில், நீலச் சாயம் காய்ச்சும் பகுதியில் அவர் வேலை பார்த்தார். அந்தப் பகுதி ஆட்களுக்கு வியர்வை நீலமாக வரும். தலையணை உறை நீலமாகும். குளித்த தண்ணீர் அவர்கள் ஊரான குடிகாட்டின் தெருவில் நீலமாக ஓடும். வியர்வை நீலமென்றால் சம்பளமும் நீலம், சம்பளத்தில் பிடித்த வரியும் நீலம் என்று ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற நீலங்களிலிருந்து அதைப் பிரித்து அறிய ஒரு வழி இருந்தது. அவருடைய உள்ளங்கை காலையில் வெளுத்திருக்கும். மாலையில், ஷிப்டு முடிகிற நேரத்தில், அடர்ந்து மயில்கழுத்து நிறத்துக்கு வந்துவிடும். வரி போய் ஒட்டிக்கொண்ட பொருள்களும் அப்படியே காலையில் வெளுத்தன, மாலையில் அடர்ந்தன.

அதை முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி பிரிசில்லா. கல்யாணமான புதிதில் இருவரும் சிதம்பரத்துக்கு சினிமா பார்க்கப் போனார்கள். ஆலப்பாக்கத்தில் பேருந்து நின்றபோது, சாலையோர மைல்கல்லின் தலை சாயங்கால வெயிலில் நீலமாகத் தெரிந்தது. அவள் அவர் கையை இழுத்து ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. "இன்னாங்க இது, உங்க கை மாதிரியே கீது" என்றாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிப்ரவரில வரி புடிச்சாங்கல்ல, அதுதான்" என்றார். அன்றைக்குப் பார்த்த படம் அவளுக்கு மறந்துவிட்டது. அந்தக் கல் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டே வந்தார்கள். புதுச்சத்திரத்துக்கு அருகில் ஒரு மதகின் கைப்பிடிச் சுவரில் ஒரு முழ நீளம் வந்தது. சிதம்பரம் ரயில் நிலையத்து நடைமேடையில் ஒரு கல் பலகை. கடலோரத்தில் புயலுக்கு ஒதுங்கக் கட்டிய கட்டடத்தின் ஏழெட்டுச் செங்கல். ஒரு வருஷம் தொலைக்காட்சியில் ராக்கெட் கிளம்பியபோது அதன் வாலில் மெல்லிய நீலக் கோடு ஓடியது; அன்று அவர் தெருவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கட்டியதற்கு இவ்வளவுதானா வந்தது என்று பிரிசில்லா கேட்பாள். பெரிய பங்கு கவர்மெண்டு வாங்கிய பழைய கடன்களின் வட்டிக்குப் போய்விடுகிறது, வட்டிக்குப் போனதில் நிறம் நிற்காது என்பார். "நம்ம ஊட்டு வட்டிக்கும் அப்படித்தான்" என்று அவள் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

கம்பெனியில் தை மாதம் பிறந்தால் வாடகை ரசீது எழுதும் காலம். சொந்த வீட்டில் இருப்பவர்கள் மாமனாருக்கும் மாமியாருக்கும் வாடகை கொடுப்பதாக ரசீது எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கணக்குப் பிரிவில் கொடுத்து வரியைக் குறைத்துக்கொள்வார்கள். சிவப்புச் சாயப் பகுதியில் இருந்த தேவநாதன் இதில் கைதேர்ந்தவர். செத்துப்போன மாமியாருக்கும் நாலு வருஷம் வாடகை கொடுத்தவர். ஆரோக்கியராஜ் மட்டும் எழுதமாட்டார். அதனால் வருஷக் கடைசியில் பிடிக்க வேண்டியதையெல்லாம் சேர்த்துப் பிடித்து, பிப்ரவரிச் சம்பளம் ஒன்றுமில்லாமல் வரும். பெரும்பாலும் தவக்காலமும் அப்போதுதான் தொடங்கும். "ஆண்டவருக்கு ஒரு நோன்பு, டெல்லிக்கு ஒரு நோன்பு" என்று பிரிசில்லா ரசத்தை ஊற்றுவாள். மகள் இசைவாணி சிரிப்பாள். அவர் தலை நிமிராமல் சாப்பிடுவார்.

ஒரு வருஷம் பிரிசில்லா பொறுக்கமாட்டாமல், அவருக்குத் தெரியாமல், இன்சூரன்ஸ் கட்டிய சீட்டுகளைத் தேவநாதனிடம் கொடுத்தனுப்பினாள். அவை உண்மையான சீட்டுகள்தான். தேவநாதன் மஞ்சக்குப்பத்து ஆடிட்டர் மூலம் எழுதிப்போட்டு, வரியில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அதில் குக்கர் வாங்கினாள். அதன் கைப்பிடி சாயங்காலமானால் நீலமாக அடர்ந்தது. அடுத்த முறை பேருந்தில் போகும்போது ஆலப்பாக்கத்து மைல்கல் வெள்ளையாக நின்றது. ஆரோக்கியராஜ் அவளைத் திட்டவில்லை. பரங்கிப்பேட்டை போகிற சாலை பிரிகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், "கல்லுல ஊரு பேரே தெரியாம வெளுத்துட்டாங்களே" என்றார். அதற்குப் பிறகு உண்மைச் சீட்டைக்கூட அவர் காட்டியதில்லை, அவளும் கேட்டதில்லை. பின்னால் குக்கர் கைப்பிடி உடைந்து கறுப்புக் கைப்பிடி போட்டார்கள்.

அந்தக் காலம் அப்படியே இருந்திருக்கலாம் என்று பிரிசில்லா இப்போதும் நினைப்பதுண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மூன்று பேரும் சிதம்பரம் பேருந்தில் ஏறுவார்கள். போகும்போதும் வரும்போதும் இடது பக்க ஜன்னல்தான், அப்போதுதான் சாலையின் இரண்டு பக்கமும் பார்க்க முடியும். யார் முதலில் புது நீலத்தைப் பார்க்கிறார்களோ அவர்களுக்கு பஸ் ஸ்டாண்டில் ரோஸ்மில்க். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் ரோஸ்மில்க் மூன்று பேருக்கும் உண்டு.

ஆரோக்கியராஜ் ஒரு மார்ச் மாதம், சம்பளமே வராத பிப்ரவரிக்கு அடுத்த வாரம், காலையில் ஷிப்டுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து இறந்துபோனார். உடலைக் கோயிலில் வைத்திருந்தபோது பொழுது சாய்ந்தது. எல்லோரும் கைகளைப் பார்த்தார்கள். கைகள் வெளுத்தே இருந்தன. அதைப் பார்த்துத்தான் பிரிசில்லா முதல்முதலாக வாய்விட்டு அழுதாள்.

பிறகு வீட்டிலும் வெளியிலும் இருந்த நீலம் ஒவ்வொன்றாகப் போயிற்று. தலையணை உறை நாலு துவைப்பில் வெளுத்தது. சாலையை அகலப்படுத்தினார்கள், ஏற்கெனவே வெளுத்திருந்த மைல்கல்லோடு மதகும் மண்ணுக்கடியில் போயிற்று. ரயில் நிலையத்தில் புதுக் கல் பதித்தார்கள். புயல் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மிச்சம் இருந்தது அந்தக் கடைசி பிப்ரவரி மட்டும்தான். அது இன்னும் எங்கேயும் வந்து சேரவில்லை. பிரிசில்லா வாரம் தவறாமல் பேருந்தில் போய்த் தேடினாள். இசைவாணிக்கு அப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் கடைசி வருஷம். மகளைப் பார்க்கப் போவதாகத் தெருவில் சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகை மழையில் ஒருநாள் தேவநாதன் வந்தார். கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. பிரிசில்லா பாத்திரங்களை நகர்த்தி வைத்து அவருக்கு நாற்காலி போட்டாள்.

"தங்கச்சி, மச்சான் கடைசி வருஷம் கட்டினதுல பாதிக்கு மேல திரும்ப வாங்கலாம். இன்சூரன்சு இருக்குது, பாப்பா காலேஜு பீசு இருக்குது. எல்லாம் நெசம். டிசம்பருக்குள்ள எழுதிப்போடணும்."

"போனது போவட்டும்ணே."

"போவட்டும்னா? தளத்தைப் பாரு, சல்லடை மாதிரி கீது." அவர் மேலே பார்த்தார். ஒரு சொட்டு அவர் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "குக்கர் கைப்பிடி ஞாபகம் இருக்குதா? அந்தக் காசுல தளம் போட்டா, சாயங்காலம் ஆனா மேல பூரா நீலமா இருக்கும். மச்சான் ஊட்டோட இருந்த மாதிரி இருக்கும், பாத்துக்க."

பிரிசில்லா நிறைந்த பாத்திரத்தை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். அன்று மாலை மல்லாந்து படுத்துக்கொண்டு தளத்தையே பார்த்தாள். ஒழுகின இடமெல்லாம் அடர்ந்து வருவதுபோல நினைத்துப் பார்த்தாள். மறுநாள் தேவநாதனைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை ஆடிட்டரிடம் கையெழுத்துப் போட வருவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை இசைவாணியிடமிருந்து பீசு சீட்டு வாங்கப் பேருந்து ஏறினாள். புதுச்சத்திரத்தில் கூட்டம் ஏறியது. கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. நிற்கிறவள் குழந்தையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது அந்தத் தடத்து வழக்கம். யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தப் பெண், பெயர் இளமதி, குழந்தையைப் பிரிசில்லாவின் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெண் குழந்தை. கையில்லாத கவுன். ஷிப்டு முடிகிற நேரம். பேருந்து பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது, குழந்தையின் வலது புஜத்தில் ஒரு நீலப் பொட்டு மெல்ல அடர்ந்து மயில்கழுத்து நிறத்துக்கு வந்தது.

பிரிசில்லா புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"தேய்க்காதீங்கம்மா, அது போவாது" என்றாள் இளமதி. "ஒம்பதாம் மாசத்து ஊசி போட்ட எடம். சுகாதார நிலையத்துல போட்டாங்க. காலைல வெளுத்துரும், பொழுது சாய வந்துரும்."

"எத்தினி நாளா?"

"தீவாளிலேர்ந்து. எங்க மாமியார் முதல்ல பயந்தாங்க. இப்ப, நாம வைக்கிற திருஷ்டிப் பொட்டு குளிச்சா போயிருது, கவர்மெண்டு வச்ச பொட்டு பாரு, அப்டியே நிக்குதுன்றாங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரிசில்லாவும் சிரித்தாள், பாலம் முடிகிற வரைக்கும் குழந்தையின் புஜத்திலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை. சிதம்பரத்தில் இறங்கும்போது குழந்தை அவள் புடவையை விடவில்லை, இளமதிதான் விரல்களைப் பிரித்து எடுத்தாள். இசைவாணி சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாங்கிக்கொள்ளாமலே அம்மா அவளை ரோஸ்மில்க் கடைக்கு அழைத்துப்போனாள்.

வெள்ளிக்கிழமை தேவநாதன் மஞ்சக்குப்பத்தில் வெகுநேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்கே வந்தார். பிரிசில்லா நடந்ததைச் சொன்னாள். காசு திரும்பி வந்தால் குழந்தை கையில் பொட்டு இருக்காது என்றாள்.

"பொட்டுதான போவும், ஊசி மருந்தா போயிரும்?"

"மருந்து போவுமா போவாதான்னு ஒங்க ஆடிட்டரு எழுதிக் குடுப்பாரா?"

தேவநாதன் யோசித்தார். ஆடிட்டர் அப்படி எழுதிக் கொடுக்கக்கூடியவர் அல்ல. "மழை வருது, பாத்திரத்த நகத்து" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, தன்னுடைய சிவப்பு எங்கேயும் வந்ததில்லை என்றார். அது உண்மையல்ல. வருமான வரியில் தப்பியதை அவர் டாஸ்மாக் கடையில் கட்டியிருந்தார். இரண்டு வருஷம் கழித்து, நெல்லிக்குப்பத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சைக்கிள்களில் ஒன்றின் பெடல் சிவப்பாக இருந்தது. அதைப் பார்க்க அவர் மகனையும் மருமகளையும் வேன் வைத்து அழைத்துப்போனார்.

நோய்க்காலத்தில் பேருந்துகள் நின்றன, பிறகு ஓடின. இசைவாணி வேலைக்குப் போய் அவள் சம்பளத்திலும் வரி பிடிக்கத் தொடங்கினார்கள். கணினி வேலை என்பதால் அதற்கு நிறம் இல்லை, பக்கத்தில் போனால் கதகதப்பாக மட்டும் இருக்கும் என்கிறார்கள். தளத்தைப் பூசிக் கொடுக்கிறேன் என்று அவள் வருஷாவருஷம் சொல்கிறாள், தை கழியட்டும் என்று பிரிசில்லா சொல்கிறாள். கூடத்தில் இப்போது நாலு இடத்தில் ஒழுகுகிறது. பிரிசில்லாவுக்கு இப்போது சிதம்பரத்தில் யாரும் இல்லை. இருந்தும் மாதம் ஒருமுறை புதுச்சத்திரம் வழியாகப் போகிற பேருந்தில் ஏறுகிறாள்.

அந்தக் குழந்தை புதுச்சத்திரத்தில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. கடைசிப் பிரிவேளையில் அதைச் சுற்றி உட்காரும் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, அதன் வலது புஜத்தைப் பார்க்கிறார்கள். அங்கே நீலம் அடர்ந்ததும் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். டீச்சர் முதலில் கண்டித்தார். இப்போது அவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கச் சொல்லி அனுப்புகிறார்.