நல்லவன் சட்டை

ஐஸ் தட்டைப் பார்த்த சொட்டக்காவுக்குப் பகீரென்றது. நடுக்குழியில் வைத்திருந்த குழாயைக் காணோம்!

அந்த ரத்த ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் அளப்பவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். நல்ல கொலஸ்ட்ராலை அங்கே எல்லோரும் 'நல்லவன்' என்பார்கள். அவனைப் போர்த்தியிருக்கும் புரதங்கள் அவன் 'சட்டை'. மூன்று வாரம் மல்லுக்கட்டி அந்தச் சட்டையை மட்டும் தனியே கழற்றி வைத்திருந்தாள். ரத்தம் வேண்டாத இடத்தில் கட்டுவதைத் தடுப்பது அந்தச் சட்டைதானோ என்று பார்க்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குச் சோதனை. பலன் இல்லையென்றால் இன்றோடு ஆய்வுக்கு மூடுவிழா என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மற்றவர்களுக்கு அது ஆய்வு. அவளுக்கு வீட்டுக் கவலை. போன வருடம் லாரி ஓட்டும் கணவருக்குக் காலில் கட்டிய ரத்தம் நுரையீரல்வரை போனது. மறுபிறவிதான். இப்போது ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் மாத்திரை. கீறினால் ரத்தம் நிற்காதே என்ற பயத்தில் மனிதர் சவரத்தையே விட்டுவிட்டார். லாரி ஷெட்டில் 'கரடி' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

மணி ஒன்றரை. கழுவும் அறைக்கு ஓடினாள்.

"பாட்டிலம்மா, தட்டுல இருந்த குழாய் எங்க?"

கண்ணாடிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாட்டிலம்மா திரும்பினாள். "எது, அந்த விஷமா?"

"என்ன விஷம்?"

"நீதானே மூடி மேல 'நச'ன்னு எழுதியிருந்த! இடம் பத்தாம 'நச்சு'வைப் பாதியில விட்டுட்டேன்னு நெனச்சேன். விஷத்தைப் போய் சாப்பாட்டு டப்பா மாதிரி நட்டநடுவுல வைப்பாங்களா? காலைலயே பின்கட்டு சிவப்புக் கழிவுப் பெட்டியில போட்டுட்டேன்."

"ஐயோ, அது நல்லவன் சட்டைம்மா!"

"சட்டைன்னு முழுசா எழுத வேண்டியதுதானே? அளக்கறதுலதான் கஞ்சம்னா எழுதறதுலயுமா?"

சொட்டக்கா பின்கட்டுக்குப் பறந்தாள். கழிவு வண்டி இன்னும் வரவில்லை. ஆனால் நாலு மணி நேரம் ஐஸ் இல்லாமல் வெளியில் கிடந்தால் சட்டை கந்தலாகியிருக்குமே! பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே நிறைய ஐஸ். நடுவில் முடிச்சுப் போட்ட பைக்குள் குழாய் பத்திரமாக இருந்தது.

"ஐஸ் யாரு போட்டது?" என்று பின்னாலேயே வந்த பாட்டிலம்மாவைக் கேட்டாள்.

"நான்தான். விஷம் சூடாகி மூக்குல ஏறிட்டா? ரெண்டு தடவை மாத்திப் போட்டேன். எனக்கு என் மூக்கு முக்கியம்."

சொட்டக்கா அந்த மூக்கைப் பிடித்துக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "கெட்டிருந்தா பலன் வராது. பாப்போம்," என்றார் பெரிய டாக்டர்.

முடியளவு மெல்லிய இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ரத்தம் ஓடியது. முதலாவதில் வெறும் ரத்தம். நான்காவது நிமிடம் கட்டி அடைத்துக்கொண்டது. இரண்டாவதில் சட்டை கலந்த ரத்தம். ஐந்து நிமிடம். எட்டு. பன்னிரண்டு. ஓடிக்கொண்டே இருந்தது.

"காயம் பட்டா உறையணுமே, அது?" என்றார் டாக்டர். அதற்கான சோதனையும் செய்தாள். சட்டை கலந்த ரத்தம் வழக்கமான நேரத்தில் சமர்த்தாக உறைந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவை வந்தா போதாது. புதுசா எடுத்து இன்னும் மூணு தடவை செய். மூடுவிழா இப்போதைக்கு இல்ல."

சாயங்காலம் கணவரிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தாடியைத் தடவினார். "அப்ப நாளைக்கே சவரம் பண்ணிடலாமா?"

"ஆசையப் பாரு! மாத்திரையை ஒழுங்கா போடுங்க. இது வெறும் கண்ணாடிக் குழாய்ல நடந்தது."

"எனக்கு அந்தச் சட்டை தைச்சு வர எத்தனை நாளாகும்?"

"வருஷக்கணக்காகலாம். தைக்க முடியாமலும் போகலாம்," என்றவள் சிரித்தாள். "ஆனா துணி இருக்குன்னு இன்னிக்குத் தெரிஞ்சுடுச்சுங்க."