இரும்புத் தகடு இல்லாத கேமரா

மாமியார் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அதில் ஒருவர் நம் சவுண்டுக்காரர். ஒலிப்பதிவுதான் அவர் தொழில். காதில் ஹெட்போனும் தோளில் ரெக்கார்டர் பையும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. அவர் மனைவிக்குக் கேமரா வேலை. இருவரும் ஒரே படப்பிடிப்புக்குப் போவது அபூர்வம். போனால் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள்.

இந்தத் தடவை விஷயம் பெரியது. ஒரு டைரக்டர் நடனப் படம் எடுக்கிறார். நடனக்காரி நூலகத்தின் வாசிப்பறையில் தொடங்கி, அலமாரிகளுக்கு நடுவே ஆடிக்கொண்டே போய், படியேறி மொட்டைமாடிக்கு வருவாள். எல்லாம் ஒரே ஷாட், வெட்டே கிடையாது. கேமரா அவள் பின்னாலேயே குலுங்காமல் போக வேண்டும். அதற்காக உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர் ஒன்றை வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. மார்பிலும் இடுப்பிலும் இறுக்கிக்கட்டும் கவசம், அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை, கையின் நுனியில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் கேமரா.

"இந்த ஷாட் சரியா வந்தா முழுப் படமும் உங்களுக்குத்தான். இல்லேன்னா மலையைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார் டைரக்டர், சவுண்டுக்காரரின் மனைவியிடம். மலை என்பது இன்னொரு கேமராமேன். ஆள் பீரோ மாதிரி இருப்பார்.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள் பகல் முழுக்க அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எடை பார்த்தாள். சமையலறைத் தராசில் கேமரா, லென்ஸ், பெரிய பேட்டரி, கேமராவுக்கு அடியில் மாட்டும் இரும்புத் தகடு என்று ஒவ்வொன்றாக வைத்து, எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கனத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கைத் திருகினாள். பிறகு கம்பத்தைப் படுக்கவைத்துக் கையை விட்டாள். அது அவசரப்படாமல் நிதானமாக நிமிர்ந்து நின்றது. "அப்பாடா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் போன் செய்தார்.

"மாப்ளே, போன வருஷம் அவ இடுப்புப் பிடிச்சு, திரும்பிப் படுக்க முடியாம கெடந்ததை மறந்துட்டீங்களா? அந்தக் கேமராவோட கனத்தையாவது கொஞ்சம் குறைக்கச் சொல்லக்கூடாதா?"

சொல்லலாம்தான். சொன்னால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? மனைவியிடம் இடுப்பு என்ற வார்த்தையை எடுத்தாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதனால் நம்மவர் சொல்லவில்லை, செய்துவிட்டார். இரும்புத் தகட்டைக் கழற்றினார். பெரிய பேட்டரியை எடுத்துவிட்டுச் சின்னதைப் போட்டார். கனமான லென்ஸ் இருந்த இடத்தில் உள்ளங்கையில் அடங்குகிற லென்ஸ் வந்தது. கேமராவைப் பெட்டியில் வைத்து மூடி, தூக்கிப் பார்த்தார். இறகு! தன் புத்திசாலித்தனத்தில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை நூலகத்தில் பெட்டியைத் தொடக்கூட அவர் அவளை விடவில்லை. "நீ கவசத்தைக் கட்டு, நான் மாட்டித் தர்றேன்" என்று தானே கேமராவைக் கம்பத்தில் பொருத்தித் தாங்கியில் நிறுத்தினார். அவள் பட்டைகளை இறுக்கிக்கொண்டு வந்தாள். ஸ்பிரிங் கையைக் கம்பத்தில் கோத்து, தாங்கியிலிருந்து விடுவித்தாள்.

கேமரா விருட்டென்று மேலே போயிற்று. அவள் மூக்கைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, தலைக்கு மேலே போய் நின்றது. கீழே இழுத்தால் வந்தது. விட்டால் மறுபடி மேலே. நுனிக்காலில் நின்று அதைப் பிடித்துத் தொங்கினாள்.

"என்னம்மா, கேமரா கொண்டு வரச் சொன்னா பலூன் கொண்டு வந்திருக்கீங்க?" என்றார் டைரக்டர். நடனக்காரி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அந்த ஸ்பிரிங்குக்கு இவ்வளவு கனம் இருந்தால்தான் அடங்குவேன் என்ற பிடிவாதம் உண்டு என்பது இப்போதுதான் சவுண்டுக்காரர் மண்டையில் ஏறியது. கனத்தைத் தாங்கத்தான் ஸ்பிரிங். கனம் இல்லாவிட்டால் அது எதைத் தாங்கும்? சும்மா தள்ளிக்கொண்டே இருக்கும்.

மனைவி கேமராவின் அடியைத் தடவிப் பார்த்தாள். லென்ஸைப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"தகடு எங்கேங்க?"

"வீட்ல."

"பேட்டரி?"

"அதுவும்தான்." அவர் அசடு வழிய நின்றார். "உன் இடுப்புக்குத்தாம்மா..."

"என் இடுப்பு உங்ககிட்ட வந்து மனு கொடுத்துச்சா?"

ஸ்பிரிங்கைத் தளர்த்தித் தளர்த்திப் பார்த்தாள். திருகு கடைசிவரை வந்தும் பலன் இல்லை. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. நூலகம் திறந்துவிட்டால் வாசகர்கள் வந்துவிடுவார்கள். டைரக்டர் ஒரு பக்கமாகப் போய் போனை எடுத்தார். மலையைத்தான் கூப்பிடப் போகிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கப் புருஷனுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தப் புஸ்தகத்தை வச்சுக் கட்டினா?" என்று ஒரு தடித்த அகராதியை ஓடிப்போய்த் தூக்கிவந்தார்.

"எங்க கட்டுவீங்க? கம்பத்துக்கு அடியில கட்டினா ஊஞ்சல் மாதிரி ஆடும். போன கனம் மேலருந்து போயிருக்கு, மேலதான் திரும்பி வரணும். கேமராவை ஒட்டி, இறுக்கமா உக்காரணும்." பேசிக்கொண்டே அவள் கண் அவர் தோளுக்குப் போனது.

அவர் பையை இறுக்கி அணைத்துக்கொண்டார். "ஐயோ, அது வேண்டாம்."

"கழட்டுங்க."

அந்த ரெக்கார்டரைச் சொந்த மச்சினனைக்கூடத் தொட விட்டதில்லை அவர். இரும்பு உடம்பு, நெற்றியிலேயே மைக், முதுகில் இரண்டு பேட்டரிகள். இன்றைக்குத் தானே எடுத்துக் கொடுத்தார். கேமராவுக்கு அடியில் அதை வைத்துப் பட்டையால் இறுக்கினாள். கம்பத்தைப் படுக்கவைத்து விட்டுப் பார்த்தாள். கம்பத்தின் அடியிலிருந்த மானிட்டர் திரையை ஒரு விரல் உயரம் நகர்த்தினாள். மறுபடி விட்டாள். நிதானமாக நிமிர்ந்தது. கையில் கோத்தபோது கேமரா அவள் மார்புக்கு நேரே மிதந்து நின்றது.

"அப்போ சவுண்டு?" என்று அவர் முனகினார்.

"சத்தமே வேண்டாம் சார். மியூசிக் போட்டுக்கலாம்" என்றார் டைரக்டர், போனைப் பையில் போட்டுக்கொண்டு. சத்தமே வேண்டாமாம்! ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? விலகுவதற்குமுன் நம்மவர் விரல் போய் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் வந்தது.

ஷாட் தொடங்கியது. அலமாரிகளுக்கு நடுவே நடனக்காரியும், பின்னால் மனைவியும் தண்ணீரில் போவது போலப் போனார்கள். படிக்கட்டில் அவள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மாடியில் டைரக்டர் "கட்" என்று கத்திவிட்டு, மானிட்டரில் ஷாட்டைத் திருப்பி ஓடவிட்டுக் குழந்தை மாதிரி கை தட்டினார்.

நம்மவர் ஸ்பிரிங் கையிலிருந்து கேமராவை இறக்கி வைத்து, ரெக்கார்டரைக் கழற்றி, அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. பிறகு மனைவியின் முணுமுணுப்பு.

"வரட்டும், வீட்டுக்குப் போய்க் கச்சேரி வச்சுக்கறேன்... படி வந்துடுச்சு... அம்மாடி... வலிக்குதே... இன்னும் கொஞ்சம்தான்... அவரு பயந்தது சரிதான்... தெரிஞ்சா விடமாட்டாரு... அவரு மூஞ்சியைப் பாக்காதே, பாத்தா அழுதுடுவேன்..."

அவர் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார்.

"சார்!" டைரக்டர் அவர் தோளைத் தட்டினார். "பிரமாதம். முழுப் படமும் இவங்கதான். ஆனா ஷூட்டிங் நீளம். இவங்க உடம்பு தாங்குமா? கூட இருக்கறவர் நீங்க, நீங்கதான் சொல்லணும்."

தாங்காது என்று ஒரு வார்த்தை போதும். அவள் பத்திரமாக வீட்டில் இருப்பாள், மாமியார் குளிர்ந்துபோவார். அவர் மனைவியைப் பார்த்தார். சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஒரு கை மட்டும் கைப்பிடிச் சுவரை இறுக்கப் பிடித்திருந்தது.

"அவளையே கேளுங்க சார்" என்றார். "அவளுக்காக நான் முடிவு பண்ணின லட்சணத்தைத்தான் காலையில பாத்தீங்களே."

அவள் திரும்பினாள். காதில் ஹெட்போன். கையில் ரெக்கார்டர். சிவப்பான அவர் கண்கள்.

"ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"ம்."

"எல்லாம் கேட்டுதா?"

"கேட்டுது."

அவள் டைரக்டர் பக்கம் திரும்பினாள்.

"வலிக்கும் சார். இப்பவே வலிக்குது. ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் இந்தக் கவசத்தைக் கழட்டிட்டு நான் உக்காரணும். அதுக்கு நேரம் குடுத்தா, செய்யறேன்."

"தாராளமா. கழட்டிவிட ஆள் வேணுமே?"

அவள் இரண்டு கைகளையும் புருஷன் பக்கமாக விரித்து நின்றாள். அவர் ரெக்கார்டரைத் தரையிலேயே வைத்துவிட்டு ஓடினார். இடுப்புப் பட்டையை அவசரமாக இழுத்தார்.

"மெதுவாங்க" என்றாள், அவர் தோளில் முழுக் கனத்தையும் சாய்த்து. "கழட்டுங்க. ஆனா என்கிட்ட கேட்டுட்டுக் கழட்டுங்க."