விலாசினியின் விலாசம்

வானத்தின் கீழும் பூமியின் மேலும் வசிக்கும் சகல ஜீவராசிகளுக்கும், குறிப்பாகக் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்துக்கு உட்பட்டவர்களுக்கும், இதனால் அறிவிப்பது என்னவென்றால்: படைப்பு வேலை என்றைக்கோ முடிந்துவிட்டது என்று எல்லா மதத்தாரும் ஒருமனதாக நம்பி வந்தது தவறு. செம்பாறைப்பட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய பாஸ்டர் பிராங்க்ளின் எழுந்தபோது, அவர் உடம்பில் ஒரு விலா எலும்பு குறைந்திருந்தது; கட்டிலில் ஒரு பெண் கூடியிருந்தாள். பார்வைக்கு அவளுக்கு இருபத்தைந்து வயது சொல்லலாம். கணக்குப்படி கால்மணி நேரம். போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, பிரியாணி மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள்.

எலும்பு விவகாரம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாஸ்டர் பிராங்க்ளின், ஆதித்தோட்டம் ஜெப வீட்டையும் அதன் மதிலை ஒட்டி ஆதித்தோட்டம் மெட்ரிக் பள்ளியையும் நடத்துபவர். உலகம் ஆறு நாளில் உண்டானது, அதற்கு வயது ஆறாயிரம், இதில் அரை நாள் கூட முன்பின் இல்லை என்பது அவர் கட்சி. நார்த்தாமலைப் பாறைக்குக் கோடிக்கணக்கில் வயது சொல்கிறார்களே என்று யாராவது இழுத்தால், "பாறை பொறந்தப்ப பக்கத்துல நின்னு பாத்தாங்களாமா?" என்று கேட்பார். அந்த ஆறு நாளும் தானும் பக்கத்தில் நிற்கவில்லை என்பது அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாளைச் செய்தபடியால் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் இன்றுவரை ஓர் எலும்பு குறைவு என்று அவர் போதித்தார். சபையில் இருந்த ஆண்களும், ஏதோ தியாகம் செய்தவர்களைப் போல, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்கள்.

அந்தப் பள்ளியில் பதினெட்டு வருடமாக அறிவியல் நடத்தியவர் சந்தனமேரி டீச்சர். ஞாயிறு பூசை தவறாதவர், ஜெபமாலை இல்லாமல் பஸ் ஏறாதவர். ஆதியாகமத்தை அவரும் நம்பினார்; பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வராது என்பதையும் நம்பினார். எலும்புக்கூடு பாடத்தின்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் விலாவைத் தடவி எண்ணிப் பார்க்கச் சொன்னார். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கணக்கு ஒன்றாக வந்தது, பன்னிரண்டு ஜோடி. அதில் ஒரு பெண் வீட்டுக்குப் போய், சோறு தின்றுகொண்டிருந்த தன் அப்பாவையும் எண்ணிப் பார்த்தது. அப்பா, ஜெப வீட்டின் செயலாளர் ஆனந்தராஜ். அவருக்குக் கூச்சம் அதிகம். சோறு புரையேறி, சிரித்து, பிறகு கோபப்பட்டு, மறுநாள் காலை பாஸ்டரிடம் போய் நின்றார். வேதம் பொய் என்கிறீர்களா என்று டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார் பாஸ்டர். "வேதத்த நான் ஒண்ணும் சொல்லல பாஸ்டர். எலும்பத்தான் எண்ணச் சொன்னேன். வெறகு வெட்டி வெரலப் போக்கிக்கிட்டவன் புள்ளைக்கு அஞ்சு வெரலும் இருக்குல்ல?" என்றார் டீச்சர். உவமைகளில் தேர்ந்தவரான பாஸ்டருக்கு இந்த உவமை பிடிக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீச்சரின் மகள் இனியா அப்போது திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருடம். கணவர் அருள்தாஸ் கீரனூரில் பஞ்சர் ஒட்டுகிறவர். அந்த வேலை போனால் இனியாவின் படிப்பும் போகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

பாஸ்டருக்கும் உள்ளுக்குள் ஒரு நமைச்சல் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் புதுக்கோட்டைக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இருபத்து நான்கு எலும்பும் உட்கார்ந்திருந்தன. தான் சரியாக நிற்கவில்லை என்று சொல்லி மறுபடி எடுக்க வைத்தார். சரியாக நின்றபோதும் இருபத்து நான்குதான். படத்தை பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டு, அன்று சாயங்காலமே சபையில், தன் எலும்பை எவர் வேண்டுமானாலும் எண்ணலாம், ஒன்று குறையாவிட்டால் ஊழியத்தையே விட்டுவிடுகிறேன் என்று மைக்கில் சவால் விட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உபவாசம் இருந்து, ஓர் எலும்பை எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடினார். இந்த மாவட்டத்தில் மழைக்கும் சிங்கப்பூர் விசாவுக்கும் போட்ட மனுக்கள் பல வருடமாகக் கிடப்பில் இருக்க, இது மட்டும் உடனே சாங்ஷன் ஆனது. புதிதாக எதையும் கேட்காமல் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னது காரணமாக இருக்கலாம். எடுத்த எலும்பு வீணாகப் போகாது என்பதை ஆதியாகமத்தில் ஆதாமின் விலா வரும் அதே அதிகாரத்திலேயே போட்டிருக்கிறது. பாஸ்டர் அதுவரை யோசிக்கவில்லை.

பாஸ்டரின் மனைவி முத்துமாரியம்மாள், அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார். ஞானஸ்நானத்தின்போது அவர் பெயரை அதிகம் கலைக்காமல், முத்தை எடுத்து, மாரியின் துணைக்காலையும் எடுத்து, மரியம்மாள் ஆக்கியிருந்தார்கள். ஒரு துணைக்காலில் மதம் மாறிவிடும் வசதி தமிழைத் தவிர வேறு எதில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவர் கத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நைட்டியும் துண்டும் கொடுத்தார். போட்டுவிடும்போதுதான் வயிற்றைக் கவனித்தார். தொப்புள் இருக்க வேண்டிய இடம் தோசைக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. அதைத் தடவிப் பார்த்த பிறகு புருஷன்மேல் இருந்த சந்தேகம் அவருக்குப் போய்விட்டது. கோபம் போகவில்லை.

சபைக்கு இரண்டுமே போகவில்லை. பாஸ்டர் நடந்ததை நடந்தபடி சொன்னார். எலும்பிலிருந்து பெண் வந்ததை வாராவாரம் ஆமென் போட்டுக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது அந்தக் காலம் பாஸ்டர்," என்றார் ஆனந்தராஜ். "இப்ப எப்படிங்க நடக்கும்? எங்கிட்டிருந்து கூட்டியாந்தீங்கன்னு மட்டும் சொல்லிருங்க." பாஸ்டரின் மைத்துனர்கள் அன்னவாசலிலிருந்து இரண்டு பைக்கில் வந்து இறங்கினார்கள். ஊரின் மற்ற தரப்புகளும் சும்மா இருக்கவில்லை. கோயில் கமிட்டி சேவுகன், இதெல்லாம் ஒரு விஷயமா, நம் பிரம்மா நினைத்த மாத்திரத்தில் பிள்ளைகளைப் படைத்தவர், எலும்பு தேடிக்கொண்டிருக்கவில்லை என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். மின்வாரியத்தில் ஓய்வுபெற்று, ஊரில் பகுத்தறிவைத் தனியாளாகக் காத்துவரும் அறிவுச்செல்வன் இது பித்தலாட்டம் என்று ஒரே சொல்லில் முடித்தார். வந்து அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்க்கச் சொன்னபோது, "பாக்க மாட்டேன். பாத்தா நம்புற மாதிரி ஆயிரும்" என்றார். மூன்று தரப்பும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஊரில் அதுதான் முதல்முறை: யாருமே பார்க்கவில்லை.

கடைசியில் சபை கூடி ஒரு முடிவுக்கு வந்தது. ஆறு நாளில் உலகம் உண்டானதற்கு இதுவரை யாரிடமும் அத்தாட்சி கேட்காத அந்தச் சபை, இதற்கு மட்டும் சயின்ஸ் படித்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. செம்பாறைப்பட்டியில் சயின்ஸ் படித்தவர் ஒருவர்தான். பாஸ்டர் புதிய எக்ஸ்ரே ஒன்றை எடுத்துக்கொண்டு சந்தனமேரி டீச்சரின் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆண்களுக்கு எலும்பு ஒன்று குறைவு, அதிலிருந்து வந்தவளே இந்தப் பெண் என்று நாலு வரி எழுதித் தந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிடலாம் என்றார்.

டீச்சர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். இருபத்து மூன்று. கீழிருந்து எண்ணினார், மறுபடியும் இருபத்து மூன்று. அறுத்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்க பாஸ்டரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். எதுவும் இல்லை. பிள்ளைகளிடம் கண்ணால் பார், எண்ணு, எழுது என்று பதினெட்டு வருடமாகச் சொன்னவருக்கு, கண்ணால் பார்த்தது இப்போது சுத்தமாகப் பிடிக்கவில்லை. படத்தைக் கிழித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதற்கு முன்னால் எடுத்த படம் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் ஊழியக்காரர்.

மறுநாள் மரியம்மாள், பீரோவுக்குப் பின்னால் கிடந்ததை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தார். கூடவே நைட்டியும் துண்டுமாக அந்தப் பெண். இரண்டு படத்திலும் இடது கழுத்தெலும்பு ஒரே இடத்தில் கோணியிருந்தது. வாலிபத்தில் பைக்கிலிருந்து விழுந்தது என்றார் மரியம்மாள். ஆக, ஒரே ஆள். முன்பு இருபத்து நான்கு, இப்போது இருபத்து மூன்று. டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் இதுவரை கேட்காத ஆளிடம் கேட்டார்.

"நீ எப்படிம்மா வந்தே?"

"தெரியல டீச்சர். நான் வந்தப்ப நான் அங்க இல்லையே."

"அது என்ன பதிலு?"

"நீங்க எப்படி வந்தீங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எங்க ஆத்தா சொல்லியிருக்கு."

"அப்ப நீங்களும் கேள்விப்பட்டதுதானா?" என்றாள் அவள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

டீச்சர் எழுதிவிட்டார். பள்ளியில் ஆய்வகக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்த அதே முறையில், மூன்றே வரி. முதல் படத்தில் எலும்பு இருபத்து நான்கு. இரண்டாம் படத்தில் இருபத்து மூன்று. காரணம் தெரியவில்லை. பாஸ்டர் வந்து வாசித்துப் பார்த்து, மூன்றாம் வரியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். முதல் வரியை மட்டும் அடிக்கச் சொன்னார். அது இருந்தால், எல்லா ஆண்களுக்கும் ஒன்று குறைவு என்ற போதனை போயிற்று. தெரிந்தே சவால் விட்டதும், தெரிந்த பிறகும் டீச்சரைத் திரும்பக் கூப்பிடாததும் வெளியே வரும். டீச்சர் அடிக்கவில்லை. "மொதல்ல இருபத்து நாலு இருந்தாத்தானே பாஸ்டர் ஒண்ணு கொறைஞ்சதுக்கு அர்த்தம்? இல்லாட்டி நீங்க பொறக்கும்போதே ஒண்ணு கம்மி. அதுக்கும் இந்தப் புள்ளைக்கும் சம்பந்தமே இல்ல."

"மொத வரி இருந்தா எனக்கு ஊழியம் இல்ல டீச்சர்."

"அது இல்லாட்டி இது சயின்ஸ் இல்ல."

அற்புதம் வேண்டுமானால் அறிவியலை ஒத்துக்கொள்ள வேண்டும். அறிவியலை மறைத்தால் அற்புதம் வைப்பாட்டி ஆகிவிடும். பாஸ்டர் இரண்டுக்கும் நடுவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்து, டீ ஆறிய பிறகு, குடிக்காமல் எழுந்து போனார். அவர் போனதும் அருள்தாஸ் டீச்சரிடம், ஒரு வரிதானே, அடித்திருந்தால் என்ன என்று கேட்டார். டீச்சர் ஆறிய டீயைக் கொட்டிவிட்டுத் தம்ளரைக் கழுவினார்.

அடுத்த ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் மரியம்மாள் எழுந்து போய் இரண்டு படங்களையும் ஜெப வீட்டு ஜன்னலில் செலோ டேப் போட்டு ஒட்டினார். டீச்சரிடம் வாங்கி வந்திருந்த மூன்று வரியையும் உரக்கப் படித்தார். என் பெயர் முத்துமாரியம்மாள், என் துணைக்காலை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். எடுத்ததைத் திரும்பக் கேட்டவர் அந்த விவகாரத்திலேயே அவர் ஒருவர்தான். சபையார் வரிசையில் வந்து பார்த்தார்கள். சிலருக்கு இருபது எலும்பு வந்தது, ஒருவருக்கு முப்பது. ஆனந்தராஜ் தன்னுடையதைத் தடவிப் பார்க்கப் போய்க் கூச்சத்தில் நெளிந்தார். பாதிப் பேர் படத்தில் தெரிவது எலும்பா நிழலா என்று வாக்குவாதம் செய்தார்கள். முடிவில், பார்த்ததை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம் என்று தீர்மானித்து, அந்தப் பெண் பாஸ்டரம்மாவுக்குக் கோட்டைப்பட்டினம் பக்கத்துச் சித்தி மகள் என்று அறிவித்தார்கள். கோட்டைப்பட்டினத்தில் அவருக்குச் சித்தி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் விலாவிலிருந்து வந்தவள் என்பதும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சித்தி மகள் என்றே கூப்பிட்டார்கள். ஊரில் ஒரு மாறுதல் மட்டும் நிகழ்ந்தது: அன்றுமுதல் பிரசங்கத்தின்போது ஆண்கள் யாரும் தூங்குவதில்லை.

ஆதார் அட்டைக்காக அவளை பிரவுசிங் சென்டர் கார்த்திகாவிடம் கூட்டிப் போனார்கள். பெயர் கேட்டபோது பாஸ்டர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். ஏவாள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பிறந்த தேதிக்கு, பொறக்கல என்றாள் அவள். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் போடுகிற ஜனவரி ஒன்றைக் கார்த்திகா போட்டாள். விலாசம் என்று கேட்டதும் அந்தப் பெண் பாஸ்டரின் இடது பக்கத்தைத் தொட்டு, "இந்த விலாதான்" என்றாள். விலாசத்தையும் விலாவையும் கலந்து விலாசினி என்று காதில் வாங்கிய கார்த்திகா அதைப் பெயர்க் கட்டத்தில் தட்டினாள். நல்ல பெயராக இருக்கிறது என்றார் முத்துமாரியம்மாள். இருவரும் சேர்ந்து இப்போது கீரனூர் சந்தையில் நைட்டி விற்கிறார்கள். பாஸ்டர் ஊழியத்தை விடவில்லை. படைப்பு வரும் முதல் இரண்டு அதிகாரத்தை விட்டுவிட்டு, ஆதியாகமத்தை மூன்றாம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறார். குனிந்தால் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் உள்வாங்குகிறது.

இனியா ஒரு வருடம் படிப்பை நிறுத்தி, திருச்சியில் ஒரு மருந்துக்கடையில் நின்றாள். டீச்சரின் இடத்தில் வந்தவர் கல்யாணமாகித் திருப்பூர் போனபோது, அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால், சந்தனமேரி டீச்சரையே திரும்பக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, எலும்புக்கூடு பாடத்தை மட்டும் பிள்ளைகளே படித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வேண்டுகோள். டீச்சர் மூன்று வரிக் குறிப்பை மாவட்டத்தில் படித்தவர்கள் பலருக்கும் அனுப்பியிருந்தார். அந்தப் பெண்ணை வந்து பாருங்கள் என்றும் எழுதியிருந்தார். ஒருவரும் வரவில்லை. அவளிடம் வந்ததெல்லாம் நைட்டி வாங்கத்தான். சாயங்காலங்களில் விலாசினி அவர் வீட்டுக்கு வந்து படித்தாள். கேள்வி மேல் கேள்வி கேட்டு உயிரை எடுத்தாள். ஆனால் ஒரு படத்தைக் காட்டினால் முதலில் அதை எண்ணினாள். அதற்காக டீச்சர் மற்றதைப் பொறுத்துக்கொண்டார்.

இந்த வருடம் விலாசினி தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினாள். அறிவியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று: ஓர் ஆணின் விலா எலும்புகள் எத்தனை? விலாசினி எழுதிய விடை: யாருக்கு?

சரியான விடை இருபத்து நான்கு. அவளுக்கு மதிப்பெண் கிடையாது.