ஏழாம் நம்பர் மலையின் மஞ்சள் நூல்

மனோரஞ்சிதம் வருடத்தில் பதினொரு மாதம் ஆராய்ச்சியாளர். ஏப்ரல் மாதத்தில் மட்டும் அவள் அட்டன் கடைத்தெரு ஜவுளிக்கடைத் தங்கவேலுவின் மூத்த மகள். மார்ச் முப்பத்தோராம் தேதி சாயங்காலம் ஆராய்ச்சி நிலையத்துக் கிளார்க் அவளுடைய உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி அலமாரியில் பூட்டுவார். மே முதல் தேதி காலை அதே கண்ணாடியை அதே தூசியோடு திருப்பிக் கொடுத்து, "தற்காலிகம்" என்று கொட்டை எழுத்தில் போட்ட கடிதத்தையும் நீட்டுவார். இடையில் உள்ள முப்பது நாளும் தேயிலைக்கு நோயே வராது என்று நிலையத்தில் யாரோ முடிவு கட்டியிருந்தார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துத் தேறிய பெண் அவள். அவள் பட்டம் வாங்கிய அன்று அட்டன் கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன என்பார்கள். மீதிப் பாதி திறந்திருந்தது கற்கண்டு கொடுப்பதற்காகத்தானாம். அப்படிப்பட்ட பெண் 1958-ல் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் ஏறியவள், ஏப்ரல் போக மூன்று வருடமாகியும் இறங்கவில்லை. அங்கே மேகம் செருப்புக்குக் கீழே போகும். அட்டைகள் ஆள் பார்த்துக் கடிக்கும், புது ஆளென்றால் குடும்பத்தோடு வந்து கடிக்கும்.

அவளுடைய கேள்வி ஒன்றுதான். கொழுந்தில் கொப்புளம் போடுகிற நோயை, மருந்தடிக்காமலே தாங்குகிற தேயிலைச் செடி உண்டா? உண்டு என்று சொல்லவேண்டுமானால் ஒரு கவ்வாத்திலிருந்து அடுத்த கவ்வாத்து வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். கவ்வாத்து என்றால் செடியை மொட்டையடிப்பது. அங்கே ஒரு மொட்டைக்கும் அடுத்த மொட்டைக்கும் நான்கு வருடம். நான்கு வருடக் கேள்விக்கு நிலையம் பதினொரு மாத ஆளை வைத்திருந்தது. அவளுக்கு முன்னால் இதே கேள்வியோடு மலையேறிய இரண்டு பேரில் ஒருவர் பாதியில் வங்கிக்குப் போனார், மற்றவர் காப்புறுதிக் கம்பனிக்குப் போனார். செடிகள் பாவம், மூன்றாவது தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தன.

1961 மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. இம்மாதம் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை மூவர் கொண்ட குழு ஏழாம் நம்பர் மலையைப் பார்வையிடும். ஆராய்ச்சியில் சாரம் இருந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஆராய்ச்சியும் மூடப்படும், ஆளும் அனுப்பப்படுவாள்.

தங்கவேலு அந்தக் கடிதத்தை இரண்டு கண்ணாடி மாற்றிப் படித்தார்.

"அம்மாடி, ஒனக்குக் கடையில ஒரு நாற்காலி செய்யச் சொல்லியிருக்கேன். பஞ்சு வச்சது. மழை விழாது, அட்டை ஏறாது. வருஷத்துக்கு ஒருக்கா யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க."

"நாற்காலியில கொப்புளம் வராதேப்பா. நான் எதைப் பாக்குறது?"

"பேச்சைப் பாரு! பெரிய டாக்டர்!" என்றார் அவர். சொல்லிவிட்டுத் துணியை மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலையில் அவள் வேலை செய்த விதத்தைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். பன்னிரண்டு நிரைகள், அதாவது செடி வரிசைகள். நிரைக்கு ஒரு பெண் என்று பன்னிரண்டு பேர் மூன்று வருடமும் ஆள் மாறாமல் கொழுந்தெடுத்தார்கள். அது மனோரஞ்சிதம் தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கையாவிடம் கெஞ்சி வாங்கிய வரம். ஒவ்வொரு நிரையிலும் சில செடிகளை மருந்தடிக்காமல் விட்டு, வாராவாரம் கொப்புளம் எண்ண வேண்டும். அந்தச் செடிகளுக்கு அடையாளம் வேண்டுமே! தகரச் சீட்டு கேட்டாள். தற்காலிக ஆட்களுக்குத் தகரம் கிடையாது என்றார்கள். அப்பா கடை நூலை மஞ்சளில் தோய்த்துக் கொண்டுவந்து கட்டினாள். பச்சை மலையில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தைரியத்தில் எந்த நிரையில் எந்தச் செடி என்று படம் வரையாமல் விட்டுவிட்டாள். நோட்டில் கொப்புளக் கணக்கோடு எழுதியது நிரைக்கு எத்தனை செடி என்ற தொகை மட்டும்தான்.

இனி அந்தப் பன்னிரண்டு பேரின் கண்ணால் பாருங்கள். படித்த பெண் ஒருத்தி, செடிக்கு நோய் பார்ப்பதால் அவர்களுக்கு டாக்டரம்மா, விடிந்ததும் மலைக்கு வருகிறாள். மஞ்சள் நூல் கட்டிய செடி முன்னால் குனிகிறாள். கொழுந்தைக் கண்ணுக்கருகில் பிடித்து உதடு அசைய என்னவோ முணுமுணுக்கிறாள், அடுத்த செடிக்குப் போகிறாள். எண்ணுகிறாள் என்று யாருக்குத் தோன்றும்? வேண்டிக்கொள்கிறாள் என்றுதான் மூன்று வருடமாக நினைத்திருந்தார்கள். என்ன வேண்டுதல் என்பதும் தொழிலாளர் வீடுகள் நிற்கும் லயம் முழுக்கத் தெரியும். வேலை நிரந்தரமாக வேண்டும், வேறென்ன?

திங்கட்கிழமை காலை, குழு வருவதற்கு முதல்நாள், மனோரஞ்சிதம் மலையேறி வந்து பார்த்தாள். ஏழாம் நம்பர் மலையே மஞ்சளாக இருந்தது. எழுநூற்றுச் சொச்சம் செடிகளில் ஒன்று விடாமல் மஞ்சள் நூல். கொத்மலையிலிருந்து பார்த்தவர்கள் அன்று சூரியன் தவறிப்போய் மேற்கே உதித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"காளியாயி அக்கா..." அவள் ஒரு நூலை இழுத்துப் பார்த்தாள். "இது யாரு வேலை?"

பன்னிரண்டு பேருக்கும் மூத்தவள் காளியாயி. கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு, பெருமை தாங்காமல் சிரித்தாள்.

"நாங்கதான் டாக்டரம்மா! நீங்க ஒத்த ஆளாக் கட்டி எந்தக் காலத்துல சாமி காது குடுக்கிறது? நேத்து ஞாயித்துக்கெழம வீட்டுக்கு ஒரு ஆளாச் சேந்து கட்டிட்டோம். உங்க பழைய நூலெல்லாம் மழையில அழுகிப் போச்சுங்க. அதையும் அவுத்துப் போட்டுப் புதுசாக் கட்டியிருக்கோம்."

"பழசையும் அவுத்துட்டீங்களா!"

"ஆமாங்க. அழுக்கு நூலோட சாமிகிட்ட போய் நிக்க முடியுமா?"

மனோரஞ்சிதம் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடக் கணக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். எதிரே பன்னிரண்டு முகங்களும் பரிசு வாங்க நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன. வாய் தானாக மூடிக்கொண்டது.

"இவ்வளவு நூல் எங்கக்கா கெடைச்சிச்சு?"

"உங்கப்பாரு கடையிலதான். எதுக்குன்னு கேட்டாரு, சொன்னோம். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு மனுசன். பெறகு காசு வேணாம்னுட்டு, அவரே ரெண்டு உருண்டை கூடப் போட்டுக் குடுத்தாரு."

பஞ்சு வைத்த நாற்காலி செய்யச் சொன்ன அதே அப்பா! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து மூக்கில் முட்டிக்கொண்டன. மூக்கைத் துடைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். நூல் வேண்டுதல் இல்லை, அடையாளம். எந்தச் செடிக்கு மருந்தில்லை என்பதற்கு இருந்த ஒரே அடையாளம். இனி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பன்னிரண்டு பேரும் கூடையை இறக்கி வைத்தார்கள்.

ஒன்பதாம் நிரைக்காரி மீனம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இதுக்கா இப்பிடி இடிஞ்சு போயிட்டீங்க? எது உங்க செடி, எது சும்மா செடின்னு எங்களுக்குத் தெரியாதா? தெனம் கைவைக்கிற செடிங்க. நம்ம புள்ளைய அடுத்த வீட்டுப் புள்ளையோட மாத்திப் போட்டா பெத்தவளுக்குத் தெரியாதா?"

மனோரஞ்சிதம் நோட்டைத் திறக்கப் போனாள். திறந்தவள் உடனே மூடினாள். இப்போதே சரிபார்த்துவிட்டால் நாளைக்கு வருகிறவர்கள் ஒப்பித்த பாடம் என்பார்கள். ஞாபகம் தப்பாக இருந்தால் நாளைக்கு எல்லோர் முன்னாலும் தப்பட்டும். நோட்டைக் கட்டி அரக்கு முத்திரை வைக்கும்படி கண்டாக்கையாவிடம் கொடுத்தாள். அன்று அவள் சாப்பிட்டது அரைக் கோப்பைத் தேத்தண்ணீர். அதிலும் பாதி மழைத்தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை மூவரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தலைவர் வெள்ளைத் தலை சிங்களவர், தேயிலை ஆராய்ச்சியில் பெரிய டாக்டர். மலைநாட்டிலேயே வளர்ந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. மஞ்சள் மலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மனோரஞ்சிதம் ஒன்றையும் மறைக்கவில்லை. படம் வரையாதது தன் பிழை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கூட வந்த இருவரில் ஒருவர் இருமுகிற மாதிரி சிரித்தார், மற்றவர் சிரிக்கிற மாதிரி இருமினார்.

"நோட்டைக் கொண்டாங்க" என்றார் பெரிய டாக்டர். முத்திரையை உடைத்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "முதல் நிரை யாரு? சொல்லும்மா."

காளியாயி நடந்தாள். ஒவ்வொரு செடியாகத் தொட்டு, "இது சும்மா, இது சும்மா, இது டாக்டரம்மாவோடது" என்று கடைசி வரை போய் நின்றாள். பதினாலு. நோட்டிலும் பதினாலு. இரண்டாம் நிரையில் நாகலெட்சுமி ஒன்பது என்றாள், நோட்டிலும் ஒன்பதுதான். எட்டாம் நிரைக்காரி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். கண்ணைத் திறந்திருந்தால் செடிகளின் ஜாதகத்தையும் சொல்லியிருப்பாள். எட்டு நிரையும் ஒன்று பிசகவில்லை. இருமியவர் இருமலை விட்டுவிட்டார்.

ஒன்பதாவதில் மீனம்மா பதினாறோடு நின்றாள்.

"நோட்டில பதினேழு" என்றார் பெரிய டாக்டர்.

மனோரஞ்சிதம் எட்டி நோட்டைப் பார்த்தாள்.

"நோட்டு தப்புங்க" என்றாள் மீனம்மா.

"நோட்டு எப்பிடித் தப்பாகும்?"

"இந்தா, இந்த எடத்துல நின்ன செடி செத்துப் போச்சுங்க. ரெண்டு வருஷமாச்சு. கொப்புளம் ஏறித் தண்டெல்லாம் கருகி நின்னுச்சு. புடுங்கிப் போட்டோம்."

"இல்லையே அக்கா! போன வாரம்கூட இங்க பதினேழு எண்ணினேனே!" என்றாள் மனோரஞ்சிதம்.

பின்னால் நின்ற மாயாண்டிக் கங்காணி தொண்டையைச் செருமினார். சத்தம் போட்டால் பக்கத்து மலைக்காரர்களும் வேகமாகக் கொழுந்தெடுப்பார்கள் என்று பேர்பெற்ற மனிதர், இப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர் மாதிரி நெளிந்தார்.

"அது வந்துங்க... செத்த செடியில இருந்த நூலை நாந்தான் அவுத்துப் பக்கத்துச் செடியில கட்டிவிட்டேன். டாக்டரம்மா வந்து பாத்தா மனசு ஒடைஞ்சு போயிருவாங்களேன்னு."

"ரெண்டு வருஷமா நான் வேற செடியவா எண்ணிக்கிட்டிருக்கேன், கங்காணியாரே!"

"அதுவும் நல்ல செடிதாங்க, அம்மா."

மலை முழுவதும் சிரித்தது. பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"செத்தது எந்த மாசம்?"

"சித்திரையிலங்க. வருசம் பொறந்த மறுவாரம்" என்றாள் மீனம்மா. "நூலு மாறிட்டா அது டாக்டரம்மாவோடது ஆயிருமா? அதான் எண்ணல."

"ஏன் மகளே நீங்க பாக்கல?" என்று மனோரஞ்சிதத்தைக் கேட்டார்.

அவள் வாயைத் திறக்கக் காளியாயி விடவில்லை.

"அவங்க எப்பிடிங்க பாப்பாங்க? சித்திரையிலதான் நீங்க அவங்கள வீட்டுக்கு அனுப்பிப்புடுறீங்களே! கண்ணாடியையும் புடுங்கிக்கிறீங்களாம். நாலு வருசத்துக்கு ஒருக்கா கவ்வாத்து வெட்டுறீங்க செடிக்கு. அதைப் பாக்குற ஆளுக்கு வருசா வருசம் கவ்வாத்தா? செடியே தாங்காதுங்க சாமி, பொம்பளப் புள்ள எங்கேருந்து தாங்கும்?"

பெரிய டாக்டர் நோட்டில் பதினேழை அடித்துப் பதினாறு என்று எழுதினார். பக்கத்தில் "ஏப்ரல், ஆள் இல்லை" என்று குறித்தார். மருந்தில்லாத செடி ஒன்று நோயில் செத்து, மற்றவை தாங்கி நின்றதுதான் அந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் நேரான சாட்சி. அது நிலையத்தின் அலமாரி பூட்டியிருந்த மாதத்தில் நடந்திருந்தது. மீதி மூன்று நிரையையும் நடந்து முடித்தார்கள். பிசகவில்லை. போகும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அடுத்த கவ்வாத்து எப்போ?"

மே மாதம் வரை காத்திருக்க வைக்காமல் மார்ச் முப்பதாம் தேதியே கடிதம் வந்தது. ஏப்ரலிலும் சம்பளம். இந்தக் கவ்வாத்தும் அடுத்த கவ்வாத்தும் முடியும் வரை வேலை, அதன் பிறகு நிரந்தரம். கூடவே ஒரு மூட்டைத் தகரச் சீட்டு. தங்கவேலு கடிதத்தை ஒரே கண்ணாடியில் படித்துவிட்டு, கடைத்தெருவில் எல்லோருக்கும் தானே வாசித்துக் காட்டினார். கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை.

மறுநாள் காலை காளியாயி ஒரு கூடையோடு மனோரஞ்சிதத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"வேண்டுதலை முடிச்சிரணும், டாக்டரம்மா. வேலை கெடைச்சா நீங்க ஒரு முழுப் பேருக்குக் கொழுந்தெடுப்பீங்கன்னு சாமிகிட்ட சொல்லிட்டோம்."

"என்னக் கேக்காமயா?"

"கேட்டா வேணாம்பீங்களே!"

பேர் என்றால் ஒரு நாள் சம்பளத்துக்கான வேலை. எடை குறைந்தால் பாதிதான் விழும். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மனோரஞ்சிதம் நிரையில் இறங்கினாள். பேராதனையில் கொழுந்தின் நரம்பு எத்தனை என்று சொல்லிக் கொடுத்தார்களே தவிர, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளச் சொல்லித் தரவில்லை. பதினொரு மணிக்கே விரல் கறுத்துவிட்டது. அவள் ஒரு செடியை முடிப்பதற்குள் காளியாயி நிரையை முடித்து, வெற்றிலை போட்டு, இரண்டு வீட்டுச் சண்டையையும் தீர்த்து வைத்தாள். பெண்கள் போகிற போக்கில் ஒவ்வொரு பிடியாக அவள் கூடையில் போட்டார்கள். கங்காணி அந்த நேரம் பார்த்து வானத்தை ஆராய்ந்தார்.

சாயங்காலம் தராசில் கூடை ஏறியது. மாயாண்டி குனிந்து பார்த்தார், தராசைத் தட்டிப் பார்த்தார், பட்டதாரி என்று இரக்கம் காட்டவில்லை.

"அரைப்பேர்!"

"ஐயோ! அப்ப வேண்டுதல்?" என்றாள் மனோரஞ்சிதம், வலிக்கிற முதுகைப் பிடித்துக்கொண்டு.

காளியாயி அவள் தலையிலிருந்து கூடைக் கயிற்றை எடுத்துவிட்டாள். "மீதி அரைப்பேர மெதுவா எடுங்க. அவசரம் என்ன? இங்கதான இருக்கப் போறீங்க."