வெயில் மாத்திரையும் மயக்க மாத்திரையும்

என் நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்ததிலிருந்து மாசாமாசம் விழுப்புரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. அங்கே இருதய டாக்டரின் வராந்தாவில் கிடைத்தவள்தான் அம்சவள்ளி. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துக்காரி, தெருத்தெருவாக மீன் விற்கிறவள். நான் பெருமுக்கலில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு, மாத்திரைதான் வேறு வேறு. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், யாருடைய மாத்திரை மோசம் என்பதுதான் எங்கள் பேச்சு.

என்னுடையதற்கு நாங்கள் வைத்த பேர் வெயில் மாத்திரை. அதைத் தின்றுவிட்டு வெயிலில் நின்றால் தோல் எரியும். முகம் சாம்பல் பூசினாற்போல் நீலம் பாரித்துவிட்டது. போதாததற்கு தைராய்டு, வறட்டு இருமல். அம்சாவுடையது மயக்க மாத்திரை. நாடி இறங்கிவிடும், எழுந்தால் தலை சுற்றும். போன மழைக்காலத்தில் மீன் கூடையோடு நடுத்தெருவில் விழுந்தாள். அதிலிருந்து அவள் கையில் தடி, என் கையில் குடை.

"ஒனக்கு இன்னாக்கா, குடையைப் புடிச்சிக்கினு ஜாலியா நடக்கிற. நான் எழுந்து நிக்கறதுக்கே செவுத்தைப் புடிக்கணும்" என்பாள்.

"ஒரு கையில குடையைப் புடிச்சிக்கினு களை எடுத்துப் பாரு, தெரியும்" என்பேன். எனக்குக் கோபம் வந்துவிடும். நான் என்னவோ ஊர்கோலம் போகிறாற்போல் பேசுவாள்.

எனக்கு அந்த நிலம்தான் உயிர். அதை மனை போடுகிறவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று என் மகன் பார்த்திபன் ஒற்றைக்காலில் நிற்கிறான். "நான் நிலத்துல எறங்கி வேலை செய்யற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காதே. என்னால முடியலன்னா அப்ப வித்துக்கோ" என்று நானே வாயை விட்டுத் தொலைத்திருக்கிறேன். கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் காத்திருக்கிறான். அதனால் விடிந்தும் விடியாததுமாகப் போய், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முடிந்ததைச் செய்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஓடி வந்துவிடுவேன்.

இந்த மாசம் டாக்டரம்மா என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நுரையீரல்ல தெரியுதும்மா. இனிமே இந்த மாத்திரை வேணாம், மாத்தித் தர்றேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி உச்சி வெயிலிலும் நிலத்தில் நிற்கலாமே. "புதுசு ஒண்ணும் பண்ணாதுங்களே?" என்று கேட்டேன்.

"வயசான பொம்பளைங்களுக்கு எதைக் குடுத்தாலும் கொஞ்சம் அதிகமாத்தான் பண்ணும். தலை சுத்தும், பார்த்து எழுந்திருங்க."

"வேற இல்லீங்களா?"

"உங்களுக்குக் குடுக்கக்கூடியது இதாம்மா."

மருந்து ஜன்னலில் அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்சாவின் மடியில் எத்தனை தடவை பார்த்த அட்டை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது அவளே சீட்டோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு மாத்திட்டாங்கக்கா. பிரஷர் ரொம்ப எறங்கிடுச்சாம். இனிமே மயக்கம் வராதாம்." சீட்டைக் கொடுத்து மருந்தை வாங்கினாள். வெயில் மாத்திரை. அதையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள்.

"மீன் விக்கறது வெயில்லதானேக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு யாருக்குக் கொடுத்திருந்தாலும் அது என்ன பண்ணும் என்று தெரியாமல் ஆசையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். "கழுத்து, கையி எல்லாம் மூடிக்கோ. இருமல் வந்தா சும்மா இருக்காதே, சொல்லிடு" என்றேன்.

"நீ பொசுக்குனு எழுந்துக்காதே. குனிஞ்சி நிமிர்ந்தா கண்ணு இருட்டும்" என்றாள் அவள்.

"குனியாம எப்பிடிடி களை எடுக்கறது?"

அவள் தன் தடியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"போகப்போகப் பழகிடுமா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பழகலக்கா."

பெருமுக்கல் வந்தது. நான் எழுந்தபோது அம்சா தன் தடியை என் கையில் திணித்தாள். நான் குடையை அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கினேன்.

புது மாத்திரை ஒன்றுகூட இன்னும் போடவில்லை. கால் நன்றாகத்தான் நடந்தது. பழைய நினைப்பில் குடையை ஊன்றுவதுபோல் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த பார்த்திபன் நிமிர்ந்து பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, தடியைத்தான் பார்த்தான்.

"கால் கழுவிக்கினு வாம்மா, சாப்பிடலாம்" என்றான். என்றைக்கும் இல்லாத அன்பான குரல். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனான். யாருக்குப் பேசப் போகிறான் என்று எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை.