ஞானஸ்நானத்து கேசட்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அப்துல் கஃபாரின் கடை. கல்யாண வீடியோ எடுப்பதை அவர் விட்டுப் பல வருடமாகிறது. இப்போது பழைய கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றித் தருவதுதான் தொழில். ஜூன் மாதம் ஒருநாள் காலை, ஏஞ்சல் என்ற பெண் கைக்குட்டையில் சுற்றிய சின்ன கேம்கார்டர் கேசட்டோடு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை என்றாள்.

கேசட்டில் தொண்ணூறு நிமிடம் ஓடும் பதிவு இருந்தது. அவள் கேட்டது பதினொரு நிமிடம் மட்டும். இரண்டாயிரத்து இரண்டில் கோயிலில் அவள் மகள் எழிலுக்கு நடந்த ஞானஸ்நானம். அன்று எழிலுக்கு மூன்று மாதம். ஐந்தாம் மாதத்தில் செத்துப்போனாள். இருதயத்தில் கோளாறாம், தெரியவந்தபோது கைமீறிப் போயிருந்தது.

மீதியையும் ஏற்றித் தருகிறேன் என்று கஃபார் சொல்லிப் பார்த்தார். அவள் ஒப்பவில்லை.

"எவ்ளோ கிளியரா வருமோ அவ்ளோ கிளியரா வேணும் பாய். மத்தது எதுவும் வேணாம்."

நாடா முழுக்கப் பூஞ்சை. இரண்டு நாள் கையாலேயே மெல்லச் சுற்றி, பஞ்சால் துடைத்தார். ஒரே ஒருமுறை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டார். இன்னொரு தடவை ஓட்டினால் நாடா தாங்குமோ என்னவோ. நிறையப் படத்தை ஒரே டிஸ்க்கில் அமுக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். பதினொரு நிமிடம்தான் என்பதால் அந்தக் கவலை இல்லை. புள்ளிப்புள்ளியாகத் தெரிந்த படத்தைக் கொஞ்சமாகத்தான் சுத்தம் செய்தார். அதிகம் தேய்த்ததில் ஒருமுறை குழந்தையின் புருவமே காணாமல் போயிருந்தது.

கடைசியாக நிறம். கேமராவின் நிற அளவை வெளி வெயிலுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, மாற்றாமலே கோயிலுக்குள் எடுத்திருந்தார்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாம் ஆரஞ்சாக இருந்தது. குழந்தையின் வெள்ளை கவுனை அளவாக வைத்துச் சரிசெய்தார். சுவர் வெளுத்தது, பாதிரியாரின் அங்கி வெளுத்தது. குழந்தையின் உதடு மட்டும் நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாக மாறியது. ஏதோ பிசகு என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து செய்து பார்த்தார். அதே நீலம்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி ஹஃபீசா, டப்பாவை வைக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வருடம் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தவள்.

"இந்தப் புள்ளைக்கு அப்பவே நெஞ்சுல கோளாறுங்க. நகத்தப் பாருங்க, அதுவும் நீலம்," என்றாள்.

இதைத் தாயிடம் காட்டி யாருக்கு என்ன லாபம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கஃபார் பழைய நிறத்தையே திரும்பப் போட்டு டிஸ்க்கில் ஏற்றினார்.

சனிக்கிழமை ஏஞ்சல் வந்து, கடையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். அழவில்லை. முடிந்ததும், கவுன் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டாள். வெள்ளைச் சாட்டின் துணி எடுத்துத் தானே தைத்தது என்றாள். கேசட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று கஃபார் சொன்னார்.

"அத சரி பண்ண முடியாதா?"

அவர் டிஸ்க்கை எடுத்து உறையில் போடப் போனார். அவளே பேசினாள். அன்று தலையில் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை அழுதது. உதடு நீலமானதைக் கண்ணால் பார்த்தாள். மாமியார் செல்வமேரியிடம் சொன்னதற்கு, தண்ணீரின் குளிர் என்றார். வீட்டுக்குப் போய்க் கணவர் ஜோஷ்வாவிடம் சொன்னாள். அவர் கேசட்டை டிவியில் போட்டுக் காட்டினார். குழந்தை ரோஜாப்பூ மாதிரி சிவந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். டாக்டரிடம் போகவில்லை.

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு பாய். நான் பாத்தது நெஜமா பிரமையான்னு எனக்கே தெரியல. அதுக்குத்தான் வந்தேன்."

கஃபார் சரிசெய்த படத்தை ஓடவிட்டார். அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பதினொரு நிமிடமும் அப்படியே நின்றாள். பிறகு அதைத் தனியாக ஒரு டிஸ்க்கில் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதலில் கொடுத்ததை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து ஜோஷ்வா வந்தார். மழித்துப் பல நாளான முகம். ஏஞ்சலின் கணவன் என்று சொல்லிக்கொண்டு, அவள் வாங்கிப்போன டிஸ்க்கை எடுத்து வைத்தார். உதட்டில் இந்த நீலம் நீங்கள் சேர்த்ததா என்று கேட்டார். இல்லை, ஆரஞ்சை எடுத்தபின் தெரிந்தது, கேசட்டில் உள்ளதுதான் என்றார் கஃபார்.

ஜோஷ்வா ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று படம் எடுத்தது அவர்தானாம், நண்பரிடம் இரவல் வாங்கிய கேமராவில். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்.

"அன்னிக்கு முழுக்க என் கொழந்தைய அதுக்குள்ளதான் பாத்தேன் பாய்."

ஏஞ்சல் வண்டலூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம், போனை எடுப்பதில்லையாம். பழைய நாடாவில் நிறத்தை நம்ப முடியாது என்று அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினார்.

கஃபாருக்கு அந்த மனிதர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை பொய்யான படத்தை அவளிடம் கொடுத்தாகிவிட்டது.

"என்னால முடியாது சார். அவங்க கண்ணால பாத்தது. படமும் அதத்தான் சொல்லுது."

ஜோஷ்வா டிஸ்க்கை அவர் பக்கமாக நகர்த்தினார். பிறகு, வீட்டில் முழுதாகப் பார்க்க முடியவில்லை, இங்கே போடுங்கள் என்றார். ஆறாவது நிமிடத்தில் பாடகர் குழுவின் சத்தம் ஓங்கியபோது, திரையில் இருந்த இளவயது ஏஞ்சல் குழந்தையின் வாயருகே விரலை வைத்து, கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் உதடசைத்தாள். படம் அவளை விட்டு நகர்ந்து பீடத்துப் பூக்களுக்குப் போனது.

"என்னத்தான் கூப்பிடுறா," என்றார் ஜோஷ்வா.

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, வண்டலூருக்குப் போவதாகச் சொல்லி ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்.

ஆகஸ்டில் ஏஞ்சல் போன் செய்தாள். சரிசெய்த அந்தப் படத்திலிருந்து குழந்தையின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம், உதட்டு நீலத்தை மாற்றாமல். அனுப்பச் சொல்லி அவள் கொடுத்தது வண்டலூர் அக்கா வீட்டு விலாசம்.